மழை காய்ச்சிய விவரம்

மஸ்கெலியா,
ஆடி மாதம், 1955.

பூண்டுலோயாவில் ஊரார் பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் என் மைத்துனன் சிரஞ்சீவி முத்துலிங்கத்துக்கு,

ஈரமான விறகு, ஈரமான தீப்பெட்டி, ஈரமான உப்பு ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்து உன் மச்சான் சோலைமலை எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அக்கா பூரணியும் உன் மருமகள் லெட்சுமியும் சுகம். கடைப் பூனைக்கு மட்டும் கொஞ்சம் மனக்கலக்கம். காரணம் பின்னால் வரும். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அடுத்த வரியைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

காக்கி உடுப்புக்காரர் யாராவது ஜீப்பில் வந்திறங்கி, கசிப்புக் கள்ளச்சாராயம் காய்ச்சப் பழக்குகிற வாத்தியார் வீடு எது என்று விசாரித்தால், பின்கதவால் ஓடாதே. ஓடினால் குற்றம் உறுதியாகிவிடும். முன்கதவைத் திறந்து, வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, “நான் சொல்லிக்கொடுத்தது மழை” என்று தைரியமாகச் சொல். உன் பெயரையும் ஊரையும் அவர்களுக்குக் கொடுத்தவன் நான்தான். பகையில் கொடுக்கவில்லை மாப்பிள்ளை, பெருமையில் கொடுத்தேன். பகையில் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு விவரமாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். லெட்சுமி போன வருஷமே அதை முடித்துவிட்டு, போக வேறு வகுப்பு இல்லாததால் இந்த வருஷமும் அதே வாங்கில் உட்கார்ந்து, படித்த புத்தகத்தையே மறுபடி படித்துக்கொண்டிருக்கிறாள். இப்படி இருக்கையில் பெரிய வாத்தியார் சூசைரட்ணம் ஒரு நாள் குடையை மடக்கிக்கொண்டு கடைக்கு வந்து, ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில், விடுதியோடு, ஓர் இடம் காலியாகியிருக்கிறது என்றார். வித்தியா இன்ஸ்பெக்டர் ஒரு வரி சிபாரிசு எழுதினால் சிஸ்டர்மார் பிள்ளையை எடுத்துக்கொள்வார்களாம். இன்ஸ்பெக்டர் ஆடி முடிவதற்குள் நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாராம். “புள்ள ஏதாவது விஞ்ஞானம் செஞ்சு காட்டட்டும் முதலாளி. இந்த இன்ஸ்பெக்டருக்கு விஞ்ஞானம்னா உசிரு” என்றார். நான் “பார்ப்போம்” என்றேன். கருவாட்டு மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விற்ற காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. “பார்ப்போம்” என்று நான் சொன்னால் “இல்லை” என்று பொருள். சாமான் விற்க வருகிற ஏஜெண்டுமார் எல்லோருக்கும் இது தெரியும். என் மகளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் அதைச் “சரி” என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே உனக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.

உன்னிடம் மறைப்பானேன், அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. இருப்பது ஒரு பிள்ளை. கடையை அடைத்த பிறகு அவள்தான் எனக்குப் பத்திரிகை வாசிப்பாள். எனக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. அவள் வாசித்தால் செய்தி கொஞ்சம் நல்ல செய்தியாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் எழுத மாட்டார், பிள்ளை ஆசையும் தீர்ந்துபோகும், நான் கெட்டவனாகவும் வேண்டியதில்லை என்று உள்ளூரக் கணக்குப் போட்டேன். அப்படிப்பட்ட நான், அவள் செய்வது சரியாக வரவில்லை என்று முகம் வாடி நின்றதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு ஊதப் போனேன் பார், அங்கேதான் சனியன் பிடித்தது.

மழை எப்படி உண்டாகிறது என்று செய்து காட்ட உன் செய்முறைக் கடிதம் வந்தது. “ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் ஊற்றி, நன்றாக மூடி, நல்ல வெயிலில் வைக்கவும்” என்று ஆரம்பித்திருந்தாய். மாப்பிள்ளை, பூண்டுலோயாவில் எப்படியோ, மஸ்கெலியாவில் ஆடி மாதத்தில் நல்ல வெயில் கேட்பதும் என் கடையில் வந்து யானை கேட்பதும் ஒன்று. ஆனாலும் படித்தவன் சொல்லியிருக்கிறாய் என்று, பெரிய மிட்டாய்ப் போத்தலைக் காலிபண்ணி, தண்ணீர் ஊற்றி, ஜன்னலில் வைத்தோம். வைத்த இடத்திலேயே இருந்தது. மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு போனதுதான் மிச்சம். போத்தலின் உள்பக்கத்தில் ஆவி படியும் என்று நீ எழுதியிருந்தாய். உள்பக்கம் சுத்தமாக இருந்தது, பனிமூட்டம் வந்து வெளிப்பக்கம்தான் நனைந்தது. லெட்சுமி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, நாமதான் போத்தலுக்குள்ள இருக்கோம்” என்றாள். வெயில் இல்லாவிட்டால் என்ன, விளக்கு இருக்கிறதே என்று நான் போத்தலுக்கு அடியில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்தேன். அது வெடித்த சத்தத்தில் பூனை பருப்பு மூட்டைக்குள் பாய்ந்தது. இன்னும் அந்தப் பக்கமாக நான் தீப்பெட்டியோடு போனால் அது கூரைக்கு ஏறிவிடுகிறது.

சாமான் சரியில்லை என்றால் வியாபாரி சாமானை மாற்றுவான். உன் அக்காவிடம் பானை கேட்டேன். நல்ல பானை தர மாட்டாள் என்பது தெரிந்ததுதான். அப்ப மா புளிக்க வைக்கிற பழைய பானையைத் தந்தாள். எத்தனை தரம் கழுவினாலும் அதில் புளித்த வாசம் போகாது. குசினிக்குள் வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே கடைக்குப் பின்னால் சீனி மூட்டை, வெல்லச் சிப்பம், பேக்கரிக்காரருக்கு வாங்கி வைத்த ஈஸ்ட் டின்கள் எல்லாம் அடுக்கியிருக்கும் கொட்டிலில், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாதபடி ஒரு மூலையில் அடுப்பைப் போட்டேன். பானையின் வாயை மூடி, இடுக்கெல்லாம் கோதுமை மாப் பசையால் அடைத்தேன். மூடியில் துளை போட்டு ஒரு மூங்கில் குழாயைச் செருகி, அதன்மேல் மலையூற்றுப் பீலியிலிருந்து பிடித்த பச்சைத் தண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றினேன். குழாயின் நுனிக்குக் கீழே லெட்சுமி களிமண்ணால் ஒரு மலை செய்து, தேயிலைக் கொழுந்துகளை நிரை நிரையாகக் குத்தி வைத்து, மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி வந்து ஒரு போத்தலுக்குள் விழும்படி வாய்க்கால் வெட்டியிருந்தாள். அந்தப் போத்தல், நல்லெண்ணெய் வாங்க யாரோ கொண்டுவந்து விட்டுப்போன பழைய சாராயப் போத்தல். பானையிலும் “கடல்” என்று எழுதி ஒட்டினாள், போத்தலிலும் “கடல்” என்று எழுதி ஒட்டினாள். ஏன் இரண்டு கடல் என்று கேட்டேன். “ஒரே கடல்தாம்ப்பா. சுத்தி வருது” என்றாள்.

இப்போது நீ அந்தக் கொட்டிலை மனத்தில் கற்பனை பண்ணிப் பார். பார்த்தாயா? உனக்கு இப்போது தோன்றுவது அந்த நேரத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று உன் அக்கா தினமும் கேட்கிறாள். அதுவும் யாருக்கு? மதுவிலக்குச் சங்கத்தின் உபதலைவருக்கு! இந்தப் பக்கத்தில் கசிப்பு பெருகிவிட்டது, வந்து பிடியுங்கள் என்று மதுவரி இலாகாக் கந்தோருக்குப் போன மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவனுக்கு! கேள் மாப்பிள்ளை. முதல் சொட்டு அந்தக் களிமண் மலைமேல் விழுந்தபோது என் மகள் கைதட்டினாள். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

அடுத்த நாள் கொழுந்து பறிக்கிற அந்தோனியம்மா பருப்பு வாங்க வந்திருக்கிறாள். கல்லாவில் நான் இல்லை. “அப்பா எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறாள். லெட்சுமி உள்ளதைச் சொன்னாள்: “பின்னால காய்ச்சுறாங்க. சொட்டு விழத் தொடங்கிட்டு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள நல்லா வரணுமே!” அந்தோனியம்மா வாங்க வந்த பருப்பை மறந்துவிட்டு லயத்துக்கு ஓடியிருக்கிறாள். அன்று பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு மாயாண்டி வந்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி, சாயங்காலமானால் மட்டும் தாகம் அதிகம். தலையிலிருந்து முழங்கால்வரை கம்பளி மூடியிருந்தான். உள்ளே கையில் ஏதோ இருந்தது. கடையில் ஆட்கள் போகும்வரை நின்று, மெல்லக் கிட்டே வந்தான்.

“முதலாளி, ஒரு கால் போத்தல் கிடைக்குமுங்களா?”

“நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?”

“அது இல்லீங்க. பின்னால சொட்டுதாமே.”

“அதுவா? அது வெறும் தண்ணிடா மாயாண்டி.”

“எல்லா எடத்திலயும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க.” கண்ணைச் சிமிட்டினான். “நான் வாயத் தொறக்க மாட்டேனுங்க.”

விஞ்ஞானத்தில் இவனுக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. “இப்ப முடியாது. முதல்ல இன்ஸ்பெக்டர் ஐயா பாக்கணும். அவரு பாத்து நல்லாருக்குன்னு சொன்னதுக்கப்புறம் எல்லாருக்கும்தான்” என்றேன். மாயாண்டியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. “இன்ஸ்பெக்டருக்கே போகுதுங்களா! அப்ப நீங்க பெரிய எடந்தான் முதலாளி” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஆளைப் பார்த்ததும் மனதைச் சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன் நான். அவன் கம்பளிக்குள் இருந்த வெறும் போத்தல் எனக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. அடுப்பையும் மலையையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால், பெரிய வாத்தியார் அவரைக் கடைக்கே கூட்டிவருவதென்றும், லெட்சுமி அவர்களோடு வந்து விளக்கம் சொல்வதென்றும் ஏற்பாடு. நான் கோட்டுப் போட்டு, கோவில் பூசாரியிடம் சொல்லிக் கட்டிய மாலையோடு வாசலில் நின்றேன். கொட்டிலில் அடுப்பு நன்றாக எரிந்தது. சொல்லி வைத்த மாதிரி ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பெரிய மனிதரும், காக்கி உடுப்பில் இருவரும் இறங்கினார்கள். பெரிய படிப்புக்குப் பெரிய பந்தோபஸ்து என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காற்சட்டைக்காரர் சிங்கள ஐயா, ஆனால் அழகான தமிழ் பேசினார்.

“நான் இன்ஸ்பெக்டர்” என்றார்.

“தெரியுங்க ஐயா! உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்” என்று மாலையைப் போட்டேன். அவர் மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்கே காய்ச்சுறதா எங்களுக்குத் தகவல் வந்தது.”

“ஆமாங்க ஐயா. பின்னால இருக்கு. இப்பவே நல்லா சொட்டிக்கிட்டிருக்கு, வாங்க!”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவரை ஒருவரும் இப்படி உள்ளே அழைத்திருக்க மாட்டார்கள். காக்கிக்காரர்கள் வாசலுக்கு ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர் என்று நின்றதும் எனக்கு மரியாதையாகத்தான் தெரிந்தது. கொட்டிலில் நான் ஒன்றையும் விடாமல் விளக்கினேன். நெருப்பு இங்கே, ஆவி இந்த வழியாக மேலே போகும், சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தால் குளிர்ந்து சொட்டும், இடுக்கை மாவால் அடைக்காவிட்டால் எல்லாம் வீண். அவர் சீனி மூட்டையைத் தட்டிப் பார்த்தார், ஈஸ்ட் டின்னைத் திருப்பிப் பார்த்தார், பானையை மோந்து பார்த்தார்.

“நீங்களே செய்ததா?”

“நானும் மகளும்தாங்க. முதல்ல சரியா வரல, ஒரு போத்தல் வெடிச்சிட்டு. இப்ப கை பழகிட்டு.”

“யார் பழக்கினது?”

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை, உன் மேல் எனக்குள்ள பாசம் பொங்கிவிட்டது. “என் மச்சினனுங்க. முத்துலிங்கம்னு பேரு. பூண்டுலோயாவுல வாத்தியார். கெட்டிக்காரன். வருசா வருசம் வகுப்புப் புள்ளைங்க எல்லாத்துக்கும் இதைச் சொல்லிக் குடுக்கிறான்” என்றேன்.

“வகுப்புப் பிள்ளைகளுக்கா?”

“சின்ன வகுப்பிலேருந்தே ஐயா! சின்னதிலேயே பழகினாத்தானே மனசுல நிக்கும்.”

அவர் எழுதிக்கொண்டார். உன் பெயரை எழுத்துக்கூட்டி நான்தான் சொன்னேன். அத்தாட்சியாக இருக்கட்டுமென்று உன் செய்முறைக் கடிதத்தையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். “நன்றாக மூடவும், ஆவி வெளியே போகாமல் கவனிக்கவும், சொட்டுகளைச் சுத்தமான போத்தலில் பிடிக்கவும், பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது” என்று அவர் மெதுவாக உரக்க வாசித்தார். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் கண் காட்ட, காக்கிக்காரர் ஒருவர் பானையைத் தூக்கப் போனார். ஏன் ஐயா என்றேன். “கசிப்புக் காய்ச்சினா வேற என்ன செய்யிறது முதலாளி? தடயம் எடுக்கணும்” என்றார். கசிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கொட்டில் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சுற்றில் சீனி, ஈஸ்ட், புளித்த பானை, சாராயப் போத்தல், மாயாண்டியின் கம்பளி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டேன். வாய் வரவில்லை. உன் அக்காவுக்கு வந்தது. அகப்பையோடு வந்து நின்றாள். “என் வீட்டு மனுசனையா? வெத்தல போட்டாலே தலை சுத்துதுன்னு படுக்கிற ஆளு, இவரு காய்ச்சுவாரா? காய்ச்சத் தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு நாளாவது வெந்நி வச்சுக் குடுத்திருப்பாரே!” என்றாள். இப்படி ஒரு சாட்சியைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது.

சத்தம் கேட்டுக் கடைவீதியே திரண்டுவிட்டது. மாயாண்டி முன்வரிசையில். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய வாத்தியார் சூசைரட்ணமும், குடைக்குள் ஒரு மெலிந்த மனிதரும் (அவர்தான் நிஜமான வித்தியா இன்ஸ்பெக்டர், நான் மாலை போட்டது மதுவரி இன்ஸ்பெக்டருக்கு என்று அப்போதுதான் புரிந்தது), அவர்களுக்கு முன்னால் லெட்சுமியும் வந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் பானையைப் பார்த்தாள். அதை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் ஹட்டன் போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நிமிடத்தில் நான் சும்மா நின்றிருந்தால் என் உள்மனத்துக் கணக்குப்படி எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவள் ஓடிப்போய்க் காக்கிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க சார்! இன்னும் மழை பெய்யல!”

அந்தக் காக்கிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மதுவரி ஐயா, விடு என்று கை காட்டினார். லெட்சுமி மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. இது கடல், இது வெயில், இது மேலே போகிற ஆவி, இது மேகம், இது குளிர்காற்று, இது எங்க மலை என்று கூட்டத்தைப் பார்க்காமல் பானையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள். சொட்டு விழுந்தது. களிமண் மலை நனைந்தது. வாய்க்காலில் ஒரு நூல் அளவு ஆறு ஓடி, போத்தலுக்குள் இறங்கியது. மாயாண்டி எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் அவள் அந்தப் போத்தலைக் கையில் எடுத்தாள். விளக்கைப் போல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். “கடலுக்கு வந்த தண்ணி மறுபடி ஆவியாப் போகும்” என்று சொல்லி, பானையின் மூடியைத் தள்ளி, அவ்வளவையும் உள்ளே ஊற்றிவிட்டாள்.

“ஐயோ!” என்று கூட்டத்தில் ஒரு பெரிய ஓலம். மாயாண்டியின் குரல் தனியாகக் கேட்டது.

மதுவரி ஐயா அப்போதுதான் சிரித்தார். “காய்ச்சுறவன் எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். வடிச்சதைத் திரும்பப் பானையில ஊத்துறவனை இன்னைக்குத்தான் பாக்கிறேன்” என்றார். ஆனாலும் கடமை கடமைதான். குழாய் நுனியில் விரலை நீட்டி, ஒரு சொட்டை ஏந்தி நாக்கில் வைத்தார். “மே வத்துரனே!” என்றார் தன்னை மறந்து. வெறும் தண்ணீர் என்று அவர் சிங்களத்தில் சொன்ன அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப்பேர் மெதுவாகக் கலைந்து போனார்கள்.

வித்தியா இன்ஸ்பெக்டர் மட்டும் இன்னும் பானையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். “ஏன் பிள்ளை, மலையில விழுந்த தண்ணி மலையிலேயே நின்றால் என்ன?” என்று கேட்டார். லெட்சுமி களிமண் மலையைத் தொட்டுக் காட்டி, “நின்னா குட்டை சார். பாசி புடிச்சிடும்” என்றாள். அதை எனக்குத்தான் சொன்னாள் என்று உன் அக்கா இன்றுவரை சாதிக்கிறாள். இல்லை. அவள் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று காதில் எல்லாம் வேறு மாதிரி விழுந்தது.

சிபாரிசு ஒரு வரி இல்லை மாப்பிள்ளை, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். மதுவரி ஐயா தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி லெட்சுமிக்குப் போட்டார். அது அவள் முழங்கால்வரை வந்தது. போகும்போது என்னைப் பார்த்து, “அந்த மனு எழுதின உபதலைவர் நீங்கதானே? அடுத்த தரம் காய்ச்சுற அன்னைக்கு எங்களுக்கும் ஒரு மனு போடுங்க” என்றார். உன் பெயரை வெட்டினாரா என்று கேட்க நினைப்பதற்குள் ஜீப் போய்விட்டது. அதனால்தான் இந்த எச்சரிக்கை. ஊரில் என் பெயர் முன்னிலும் உயர்ந்துவிட்டது, ஆனால் தப்பான காரணத்துக்கு. ஐயா நாக்கில் வைக்கிறதுக்கு முன்னாலேயே முதலாளி அதைத் தண்ணீராக மாற்றிவிட்டார் என்று லயங்களில் பேச்சு. “எங்க ஆண்டவரு தண்ணிய திராட்ச ரசமாக்கினாரு. நம்ம முதலாளி தலைகீழா செஞ்சிட்டாரு, பாவம்” என்று அந்தோனியம்மா சொல்லித் திரிகிறாளாம். மாயாண்டி என்னோடு பேசுவதில்லை.

இனி முக்கியமான விஷயம். லெட்சுமி ஹட்டனுக்குப் போகவில்லை. காரணங்கள் பல. ஹட்டனில் குளிர் அதிகம். மஸ்கெலியாவில் குறைவா என்று கேட்காதே, இங்கே குளிருக்கு நான் இருக்கிறேன். அங்கே விடுதிச் சாப்பாட்டில் ரசம் எப்படியிருக்குமோ தெரியாது. ஆடியில் யாரும் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்புவதில்லை. தவிர, அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சிபாரிசுத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, மேலே ஒரு படிக்கல்லையும் வைத்துவிட்டு, பேசாமல் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். பேரம் பேசுகிற வாடிக்கைக்காரரை எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஒன்றும் கேட்காமல் நிற்கிறவரிடம்தான் வியாபாரி தோற்றுப்போவான். அதனால் நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இதுவே என் முடிவு. நீ பத்துப் பக்கம் எழுதினாலும் மாறாது. உன் அக்கா பத்து நாள் பேசாமலிருந்தாலும் மாறாது. அது ஒருவகையில் நிம்மதிதான்.

நீ நன்றாக இரு. உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அறிவோடு வளரட்டும், அடுப்புப் பக்கம் போகாமல் வளரட்டும். உன் அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். லெட்சுமி மாமாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள், ஆவியைப் பற்றி இன்னும் ஏதோ கேட்டு எழுதச் சொன்னாள், நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டு வாசலில் ஜீப் நிற்காமலிருக்க மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்திருக்கிறேன்.

இங்ஙனம்
உன் நலம் நாடும் மச்சான்,
சோலைமலை

பின்குறிப்பு: மேலே உள்ள மாதத்தைப் பார்த்துத் திகைக்காதே. இந்தக் கடிதம் ஆடி முழுவதும் ஒட்டாமல் கிடந்தது. முத்திரை இல்லையா என்று கேட்காதே, என் கடையிலேயே முத்திரை விற்கிறேன். ஜீப் வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும், ஆகையால் அந்தப் பகுதியை விட்டுவிடு. “இதுவே என் முடிவு” என்ற பகுதியையும் விட்டுவிடு. நடந்தது என்னவென்றால், லெட்சுமி இப்போதெல்லாம் கடையில் பருப்புச் சுற்ற எடுக்கிற பழைய தாளை முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத்தான் சுற்றுகிறாள். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தாளில் கதை பாதியில் நின்றுபோக, மீதியைத் தேடி நான்கு பொட்டலங்களைப் பிரித்துவிட்டாள். இப்படியே விட்டால் கடை நடக்காது. ஆகவே வியாபார நன்மையை மட்டும் கருதி, ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல நாளில் நானே ஹட்டனுக்குக் கூட்டிப்போய் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவள் அழவில்லை. உள்ளே போனவள் திரும்பி வந்து, “அப்பா, போறப்ப ஜன்னல் பக்கம் உக்காராதீங்க, சாரல் அடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்ததும் பழக்கத்தில் “மஸ்கெலியா ஒன்றரை” என்றேன். அவன் இரண்டையும் கிழித்துவிட்டு, பக்கத்து இடத்தைப் பார்த்து, “அரை எங்க முதலாளி?” என்று கேட்டான். “அரை ஹட்டன்லயே இறங்கிட்டு தம்பி” என்றேன். அவன் டிக்கெட்டைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினான். “பரவால்ல, கிழிச்சாச்சுல்ல, ரெண்டையும் குடு” என்று வாங்கிக்கொண்டேன்.